எட்டு வியாழக்கிழமை

2025 ஜூன் 8, ஞாயிறு

இன்னைக்கு அங்கே இருந்தவங்க: நான், வெள்ளையம்மாள். என் மகன் அறிவுச்செல்வன். மருமகள் அருணாதேவி. பேத்தி கவிநிலா. அவளை ஓட வைக்கிற கோச் விமல்ராஜ். உடம்பு டெஸ்ட் எடுக்கிற பிரதோஷ். ஆறு பேர். பேரை எழுதி வெக்கிறது என் வழக்கம். நாளைக்கு ஒரு பேச்சு வந்தால், நான் அங்கே இல்லவே இல்லைன்னு யாரும் தப்பிக்கக் கூடாது. அஞ்சாங்கிளாஸோட நின்னவள்தான் நான். ஆனால் ஒரு தேதி என்கிட்ட தப்பினது கிடையாது.

டவுனில் புதுசா ஆரம்பிச்சிருக்கிற ஒரு பயிற்சி நிலையம். அங்கே ஒரு மெஷின், ரோடு மாதிரி தானா ஓடுது. அதுமேல கவிநிலாவை ஏத்தி, மூக்கு வாய் மூடுற மாதிரி ஒரு முகமூடி மாட்டி, அதுல குழாய் சொருகி ஓட விட்டாங்க. மூச்சுல எவ்வளவு காத்தை உடம்பு பிடிச்சு வேலைக்கு வெச்சுக்குதுன்னு அது அளக்குமாம். பார்க்கவே எனக்கு மூச்சு முட்டிச்சு. போன டிசம்பர்ல நாப்பத்தேழு இருந்துச்சாம். இன்னைக்கு அம்பத்திரண்டு. விமல்ராஜ் கை தட்டினான். அறிவு கண்ணைத் துடைச்சிக்கினான். அருணாதேவி போன்ல படம் எடுத்தாள்.

பிரதோஷ் மட்டும் கை தட்டலை. கோயில்ல பூஜை பண்றவங்க வீட்டுப் பையன், இந்தப் படிப்புக்குப் போயிருக்கான். பிள்ளையோட கைச் சதையையும் இடுப்புச் சதையையும் இடுக்கி மாதிரி ஒண்ணுல பிடிச்சுப் பார்த்தான். "எடை நாப்பத்தொம்பதுல இருந்து நாப்பத்தி நாலு. என்னம்மா சாப்பிடறே?"ன்னான். அவள் பதில் சொல்லுறதுக்குள்ள அறிவு அவனை வெளியே கூட்டிக்கினு போயிட்டான். ஜெனரேட்டர் பக்கத்துல நின்னு பேசினாங்க. திரும்பி வரும்போது மடிச்ச காகிதம் ஒண்ணு அறிவோட சட்டைப் பையில. இடது பை.

பீஸ் ரசீதா இருக்கும்.

2025 ஜூன் 11, புதன்

மலை சுத்த வந்த பௌர்ணமிக் கூட்டம். வீட்டு வாசல்ல நாலு பேர் படுத்துத் தூங்கிட்டாங்க. தண்ணி குடுத்தே என் குடம் காலி.

2025 ஜூன் 19, வியாழன்

காலையில அறிவு அடுப்பங்கரை வாசல்ல நின்னு, "அம்மா, பாப்பா இன்னிக்கு தூரம்"னான்.

எனக்கு வெக்கமாப் போச்சு. நாப்பத்தேழு வயசுல ஒரு நாள் கூட அந்த வார்த்தை அவன் வாயில வந்தது கிடையாது. இந்த வீட்டு ஆம்பளைங்க யாருமே சொன்னது கிடையாது. பொம்பளைங்களே பாதி கண்ணாலதான் சொல்லிக்குவோம். சரி, காலம் மாறிப்போச்சு, பெத்த அப்பன் சொன்னால் என்ன தப்புன்னு விட்டுட்டேன்.

எங்க வீட்ல அந்த மூணு நாள் பக்க அறையிலதான் இருக்கணும். தனித் தட்டு, தனிச் சொம்பு. வெளியே போய் ஓடலாம், பள்ளிக்கூடம் போகலாம். அடுப்பங்கரைக்கும் சாமி அறைக்கும் கோயிலுக்கும் மட்டும் கிடையாது. என் மாமியார் வெச்ச முறை. நான் மாத்தலை.

தட்டுல சோறு வெச்சேன். பாதி அப்படியே திரும்பி வந்துச்சு.

2025 ஜூலை 4, வெள்ளி

"சோறு வேணாம் ஆயா. ரெண்டு சப்பாத்தி போதும்."

"ஏண்டி, காலையில பன்னெண்டு கிலோமீட்டர் ஓடிட்டு வர்றே. ரெண்டு சப்பாத்தி பல்லுக்கே பத்தாதே?"

"இன்னும் ரெண்டு கிலோ கம்மியானா இன்னும் அஞ்சு செகண்ட் கம்மியாவும்னு சார் சொன்னாரு."

கிலோவைக் குடுத்து செகண்டை வாங்குறாங்களாம். நான் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வேகவெச்சு முன்னாடி கொட்டினேன். எண்ணி ஒன்பது தின்னாள். ஒன்பது கொட்டை இல்லை, ஒன்பது பருப்பு.

ஆனாலும் நான் தடுக்கலை. ஏன்னா என்கிட்ட ஒரு நிபந்தனை இருக்கு. 2022 ஜூன் 20, திங்கக்கிழமை, அவளை கிரவுண்டுல சேர்த்த நாள். அப்போ எதிர் வீட்டுக்காரி, "பொட்டப் பிள்ளை இந்த ஓட்டம் ஓடினா வயிறு காஞ்சி போவும்"னாள். எனக்கு அதுல நம்பிக்கை இல்லை. நாத்து நட்டு, கதிர் அறுத்து, தலைச்சுமை தூக்கி நாலு பெத்தவள் நான். இருந்தாலும் அறிவு, அருணாதேவி, கவிநிலா மூணு பேரையும் உட்கார வெச்சுச் சொன்னேன்: மாசா மாசம் ஒழுங்கா வர்ற வரைக்கும் ஓடட்டும். ஒரு மாசம் தவறினால் அன்னைக்கே ஷூவைக் கழட்டிடணும். அறிவு என் தலையில கை வெச்சு சரின்னான்.

அதனாலதான் நான் தேதியைக் கெட்டியாப் பிடிச்சு வெச்சிருக்கேன். வந்துக்கினுதான் இருக்கு. பிறகென்ன.

2025 ஜூலை 17, வியாழன்

தூரம். இன்னைக்கும் அறிவுதான் சொன்னான்.

2025 ஆகஸ்ட் 2, சனி

மாவட்டப் போட்டி. மூவாயிரம் மீட்டர். பத்து நிமிஷம் நாப்பத்தெட்டு செகண்ட். முதல் இடம்! கடைசி ரவுண்டுல முன்னாடி போன ஒரு நெட்டைப் பொண்ணைத் தாண்டினாள் பாருங்க, நான் கத்தின கத்துல தொண்டை கட்டிப்போச்சு.

அறிவு தரையில உட்கார்ந்து அழுதான். எனக்குத் தெரியும் ஏன்னு. 1995ல அவனும் ஓடினவன். செலக்‌ஷன் வெச்ச நாள் எங்களுக்கு மல்லாட்டை பிடுங்குற நாள். மழை வர்ற மாதிரி இருந்துச்சு, ஆள் கிடைக்கலை, கையைப் பிடிச்சு நிலத்துக்கு இழுத்துக்கினு போயிட்டேன். அதைப் பத்தி அவன் ஒரு வார்த்தை என்கிட்ட பேசினது கிடையாது. முப்பது வருஷம். பேசாததுதான் பயம்.

வீட்டுக்கு வந்ததும் கவிநிலா இடது முழங்காலுக்குக் கீழே தேய்ச்சு விட்டுக்கினே இருந்தாள். "எலும்பாடி, சதையாடி?"ன்னேன். "தெரியலை ஆயா"ன்னாள்.

2025 ஆகஸ்ட் 14, வியாழன்

தூரம்னு அறிவு சொன்னான். காலுக்கு விளக்கெண்ணெய் தேய்ச்சேன். அவள் கெண்டைக்கால் என் கை வளையத்துக்குள்ள அடங்குது.

2025 செப்டம்பர் 6, சனி

காலையில கிரவுண்டுல நாலாவது ரவுண்டுல உட்கார்ந்துட்டாள். எழுந்து காலை ஊன முடியலை. விமல்ராஜே தூக்கிக்கினு வந்தான்.

எலும்பு டாக்டரம்மா ஹைமவதி. எக்ஸ்ரேல தெரியலைன்னு ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்க. கால் எலும்புல விரிசல். விழுந்ததால இல்லையாம். ஒரே இடத்துல திரும்பத் திரும்ப அடி வாங்கி வாங்கி, எலும்பு தன்னை ரிப்பேர் பண்ணிக்க நேரம் இல்லாம விட்டதாம்.

டாக்டரம்மா கவிநிலாவைப் பார்த்து, "பீரியட்ஸ் கடைசியா எப்போ?"ன்னாங்க.

நான்தான் முந்திக்கினேன். "ஆகஸ்ட் பதினாலு, வியாழக்கிழமை. அதுக்கு முன்னாடி ஜூலை பதினேழு. அதுக்கு முன்னாடி ஜூன் பத்தொம்பது."

டாக்டரம்மா சிரிச்சாங்க. "இந்த மாதிரி ஒரு ஆயா எல்லா வீட்லயும் இருந்தா எனக்கு வேலை சுலபம்"னு எழுதிக்கினாங்க. அப்போ அது காரணம் இல்லை, ஓவர் பிராக்டிஸ்தான், ஆறு வாரம் ஓய்வு, கால்சியம்னு அனுப்பிட்டாங்க.

எனக்குப் பெருமையா இருந்துச்சு.

அறிவு பக்கத்துலதான் நின்னான். கவிநிலா தரையைப் பார்த்துக்கினு இருந்தாள்.

2025 செப்டம்பர் 9, செவ்வாய்

எழுதியே ஆகணும்.

கவிநிலா கட்டுப் போட்டுப் படுத்திருக்காள். பொழுது போகலைன்னு அவள் அம்மாவோட போனை வெச்சு எனக்குப் பழைய படமெல்லாம் காட்டினாள். தள்ளிக்கினே வரும்போது ஒரு படம். பெரிய கோயில் உள்ளே, ஓட்டக்காரப் பிள்ளைங்க எட்டு பேர், நடுவுல விமல்ராஜ். கவிநிலா நெத்தி நிறைய விபூதி, கையில பிரசாதம்.

"இது எப்போடி?"

"ஆகஸ்ட் பதினஞ்சு ஆயா. கொடி ஏத்திட்டு எல்லாரும் அப்படியே கோயிலுக்குப்..."

பாதியில நிறுத்திட்டாள்.

ஆடிக் கடைசி வெள்ளி. தூரத்துல ரெண்டாம் நாள். எங்க வீட்டுப் பொண்ணு அன்னைக்குக் கோயில் வாசப்படி மிதிக்காது. கொன்னு போட்டாலும் மிதிக்காது. அப்போ அன்னைக்கு அவளுக்குத் தூரமே இல்லை.

நான் சத்தம் போடலை. "எப்போ இருந்து?"ன்னு மட்டும் கேட்டேன்.

"டிசம்பர் இருபத்தெட்டுதான் ஆயா கடைசி."

பிறகு என் மண்டையில ஒண்ணொண்ணா வந்து விழுந்துச்சு. ஜனவரி முப்பது. பிப்ரவரி இருபத்தேழு. மார்ச் இருபத்தேழு. ஏப்ரல் இருபத்திநாலு. மே இருபத்திரண்டு. ஜூன் பத்தொம்பது. ஜூலை பதினேழு. ஆகஸ்ட் பதினாலு. எட்டும் வியாழக்கிழமை! வியாழன் அவளுக்கு ஓட்டம் லீவு. வீட்ல இருக்கிற நாளாப் பார்த்து, இருபத்தெட்டு நாளைக்கு ஒரு தடவை எண்ணி எண்ணி உட்கார்ந்திருக்காள். அதுக்கு முன்னாடி எல்லாம் அவளுக்கு இருபத்தாறு, முப்பது, முப்பத்திரண்டுன்னுதான் வரும். உடம்பு காலண்டர் பார்த்தா வரும்? எல்லாத் தேதியும் தெரிஞ்சு வெச்சுக்கினு, இது தெரியலையேடி உனக்கு, வெள்ளையம்மா.

"ஓட விடமாட்டேன்னு பயந்துதான் ஆயா பொய் சொன்னேன்"னு என் முட்டியைக் கட்டிக்கினு அழுதாள். அந்தக் கை, குச்சி மாதிரி.

இது பிள்ளை புத்தியில வந்தது மட்டும் இல்லை. அந்தக் கோச்சுப் பையன்! அவன்தான். நாளைக்கு நான் வர்ற வரத்து பாரு.

2025 செப்டம்பர் 10, புதன்

பஸ் ஏறி கிரவுண்டுக்குப் போனேன். பிள்ளைங்க எல்லாம் பார்க்க, விமல்ராஜைக் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டேன். திருப்பி எழுத முடியாது. அவன் தலையைக் குனிஞ்சுக்கினு நின்னான். பிறகு ஒரு பைலை எடுத்துக்கினு வந்தான்.

"ஆயா, மாசா மாசம் எல்லாப் பொண்ணுங்ககிட்டயும் இந்த ஷீட்டு வாங்கறேன். தூக்கம், வலி, எடை, பீரியட்ஸ். உங்க பேத்தி எல்லா மாசமும் வந்துச்சுன்னுதான் டிக் போட்டிருக்கா. கீழ அவங்கப்பா கையெழுத்து. எடையைக் கம்மி பண்ணச் சொன்னது நான்தான். அதுக்கு என்னைச் செருப்பால அடிங்க, வாங்கிக்கறேன். ஆனா நின்னு போச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"அப்போ யாருக்குடா தெரியும்?"

பிரதோஷை போன்ல கூப்பிட்டான். அந்தப் பிள்ளை பத்து நிமிஷத்துல வண்டியில வந்துட்டான். என்னைப் பார்த்ததும், "பாட்டி, நிறுத்திட்டேள்னு நெனச்சேனே. இன்னும் ஓடிண்டா இருந்தா?"ன்னான்.

ஜூன் எட்டாம் தேதி டெஸ்ட் பாரத்துல கவிநிலா உண்மையை எழுதியிருக்காள். ஐந்து மாதமாக இல்லைன்னு. காகிதத்துல அவள் உண்மை சொன்ன ஒரே இடம் அதுதான். அன்னைக்கு எல்லாரும் கை தட்டினோமே அம்பத்திரண்டுன்னு, அது பெரிசா ஒண்ணும் இல்லையாம். மூச்சுல பிடிக்கிற காத்தை எடையால வகுத்து வர்ற எண். காத்து அதேதான். எடை அஞ்சு கிலோ போச்சு, எண் தானா ஏறிப்போச்சு. நல்லா ஆயிட்டாள்னு காட்டின எண், இளைச்சுட்டாள்னு சொன்ன எண்ணாம். இதையும் பிரதோஷ் அன்னைக்கே சொல்லியிருக்கான். ஓட்டத்தை உடனே நிறுத்தணும், டாக்டர்கிட்ட காட்டணும், எலும்பு போயிடும்னு எழுதியே குடுத்திருக்கான். மைனர் பொண்ணு, அதனால அப்பன்கிட்ட. அப்பன், கோச்சுக்கு நானே சொல்லிக்கறேன்னு வாங்கிக்கினான்.

அதோட நகல் பைல்ல இருந்துச்சு. பெற்றுக்கொண்டேன். கீழே கையெழுத்து. கடைசி எழுத்துக்குக் கீழே கோடு இழுத்து ரெண்டு புள்ளி வைப்பான். எட்டாவது படிக்கும்போது பழகினது. நான்தான் ஸ்லேட்டுல போட்டுக் காட்டச் சொல்லிச் சிரிப்பேன்.

மடிச்ச காகிதம். இடது பை. அது ரசீது இல்லை.

ஜூன் எட்டு அவனுக்குத் தெரியும். ஜூன் பத்தொம்பது என் அடுப்பங்கரை வாசல்ல வந்து நின்னான்.

2025 செப்டம்பர் 11, வியாழன்

இன்னைக்கு ஒன்பதாவது வியாழன் வந்திருக்கணும்.

அறிவு தன் கடையைத் திறக்கக் கிளம்பும்போது வழி மறிச்சேன். "ஏண்டா, பாப்பா இன்னிக்கு தூரமா?"

நின்னுட்டான். அருணாதேவி உள்ளே இருந்து, "அத்தை, நான் ஜூலைலயே சொன்னேன், இவருதான் கேக்கலை"ன்னு அழ ஆரம்பிச்சாள். ஜூலைல உன் புருஷன்கிட்ட சொன்னே. நான் பக்கத்துலதானே கீரை ஆய்ஞ்சுக்கினு இருந்தேன், எனக்கு யாரு சொல்லுவா?

"நவம்பர்ல ஸ்டேட் மீட்மா. அது வரைக்கும்தான். ஜெயிச்சா ஸ்போர்ட்ஸ் கோட்டால காலேஜ் சீட்டு. ரெண்டு மாசம் நிறுத்தினா எல்லாம் போயிடும். ஓடுற பொண்ணுங்க நெறைய பேருக்கு இப்படி ஆவுமாம், பிறகு தானா வருமாம்."

"எவன் சொன்னான்? பிரதோஷ் எழுதிக் குடுத்ததுல இருந்துச்சா?"

"உனக்கு என்னா தெரியும்? நீ ஒரு தடவை கையைப் பிடிச்சு இழுத்துக்கினு போயிட்டே. என் பொண்ணையும் கிரவுண்டுல இருந்து எவனோ இழுத்துக்கினு போவறதைப் பார்த்துக்கினு நிக்கணுமா?"

வந்துச்சு. முப்பது வருஷம் கழிச்சு.

ஆமாண்டா, இழுத்துக்கினு போனேன். மறைக்கலை. உன் கண்ணைப் பார்த்து இழுத்துக்கினு போனேன். உன் ஓட்டம் போச்சு, எலும்பு போகலை. நீ என்ன பண்ணே? பிள்ளையைப் பக்க அறையில உட்கார வெச்சு, என்கிட்ட வந்து செய்தி சொன்னே. நான் நம்பினேன். நம்பி, டாக்டர் முன்னாடி உட்கார்ந்து உன் பொய்யை என் வாயால சொன்னேன்.

இதெல்லாம் அவன்கிட்ட சொல்லலை. இங்கேதான் எழுதுறேன்.

2025 செப்டம்பர் 12, வெள்ளி

திரும்ப டாக்டரம்மாகிட்ட போனேன். கவிநிலாவும் அருணாதேவியும். "நான் அன்னைக்கு சொன்ன தேதி மூணும் பொய்ம்மா"ன்னேன். எழுபது வயசுல இப்படி ஒரு வார்த்தை சொல்ல வேண்டி வந்துச்சு.

டாக்டரம்மா திட்டலை. எல்லா டெஸ்டும் மறுபடி எழுதினாங்க. சாப்பிடுறது எல்லாம் ஓட்டத்துக்கே செலவாகிப்போய் மிச்சம் இல்லைன்னா, எதை நிறுத்தினால் உயிர் போகாதோ அதை உடம்பு முதல்ல நிறுத்துமாம். மாசம் நிக்கிறது அதுதான். அது நின்னால் எலும்பைக் காக்கிற சுரப்பும் கம்மியாயிடும். இந்த வயசுலதான் எலும்பு ஊறணும். ஊற வேண்டிய வருஷத்துல இவள் கரைச்சிருக்காள். அங்கேயே எடுத்த எலும்புக் கனம் பார்க்கிற ஸ்கேன்ல முதுகெலும்பு அவள் வயசுக்கு ரொம்பக் கம்மி.

"நீங்க வெச்ச நிபந்தனைதான் சரியான டெஸ்ட்டு. முகமூடி, மெஷின் எல்லாம் அப்புறம்"னாங்க.

அதைத்தானே வெச்சிருந்தேன். அதைத்தானே ஏமாத்தினாங்க.

2025 அக்டோபர் 5, ஞாயிறு

காலையில கேழ்வரகுக் கூழ், ரெண்டு முட்டை. பத்து மணிக்கு மல்லாட்டை உருண்டை. மதியம் சோறு, பருப்பு, மீன். அவளே கேட்டு ரெண்டாவது கரண்டி வாங்கினாள். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கினேன். பார்த்தால் நிறுத்திடுவாளோன்னு.

2025 நவம்பர் 8, சனி

ஸ்டேட் மீட் இன்னைக்காம். நெட்டைப் பொண்ணு ஓடினாளாம். கவிநிலா டிவியைச் சத்தமா வெச்சுக்கினாள். அறிவு கடையை விட்டு வீட்டுக்கு வரவே இல்லை.

2025 டிசம்பர் 3, புதன்

மலையில தீபம். மாடியில நின்னு பார்த்தோம்.

2026 ஜனவரி 11, ஞாயிறு

கவிநிலா எடை நாப்பத்தெட்டரை. பிரதோஷ் மாசா மாசம் வீட்டுக்கே வந்து பார்க்கிறான். இப்போ நடை மட்டும். விமல்ராஜும் கூட வந்தான். எடை எழுதுற கட்டத்தையே ஷீட்டுல இருந்து எடுத்துட்டானாம். பொண்ணுங்களோட பீரியட்ஸ் ஷீட்டை இனிமே ஒரு டீச்சரம்மா நேர்ல கேட்டு எழுதறாங்களாம். வாசல்லயே நின்னுக்கினு சொன்னான். மோர் குடுத்தேன். குடிச்சான்.

2026 பிப்ரவரி 18, புதன்

நான் துவரம்பருப்பு புடைச்சுக்கினு இருந்தேன். கவிநிலா பின்னாடி வந்து நின்னாள்.

"ஆயா. வந்திருக்கு."

நான் திரும்பலை. புதன்கிழமை. பதிமூணு மாசம், இருபத்தியோரு நாள்.

"நெஜமா ஆயா. வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். பார்க்காம இந்த வீட்ல எதையும் இனிமே நான் நம்பறதா இல்லை. பார்த்துட்டு அவள் தலையை என் வயித்தோட சேர்த்துப் பிடிச்சுக்கினேன்.

அவள் பழக்கத்துல பக்க அறைப் பக்கம் போனாள். தனித் தட்டை எடுக்கக் குனிஞ்சாள்.

"எங்கடி போறே? அடுப்பங்கரைக்கு வா. சூடா இருக்கு, உட்கார்ந்து துன்னு."

"ஆயா, தூரம்..."

"வாடின்னா."

அந்த அறை இருந்ததாலதான் அந்தப் பொய்க்கு உட்கார இடம் கிடைச்சுது. என் மாமியார் கோச்சுக்கினா கோச்சுக்கட்டும், நான் அங்கே போய்ப் பேசிக்கறேன். தனித் தட்டைக் கோழிக்குத் தண்ணி வெக்க எடுத்துட்டேன்.

அடுப்பங்கரையில இருந்தவங்க: நான். கவிநிலா. அருணாதேவி. கொஞ்ச நேரம் கழிச்சு கடையில இருந்து சாப்பிட வந்த அறிவு. அவள் அங்கே உட்கார்ந்து சாப்பிடறதைப் பார்த்தான், அருணாதேவி முகத்தைப் பார்த்தான், புரிஞ்சுக்கினான். "அம்மா"ன்னான்.

சோறு வெச்சேன். குழம்பு ஊத்தினேன். இன்னும் வேணுமான்னு கேக்கலை. செப்டம்பர்ல இருந்து கேக்கறது இல்லை.

விமல்ராஜை மன்னிச்சு விட்டாச்சு, தன் தப்பை அவனே சொன்னான். பிரதோஷ் இன்னொரு வாட்டி வந்து கேட்டிருக்கலாம், சின்னப் பிள்ளை, விட்டாச்சு. அருணாதேவி புருஷனுக்குப் பயந்தவள். கவிநிலா எனக்குப் பயந்தவள், அதுக்கு நான் செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டேன்.

ஒருத்தனுக்கு யார் பயமும் கிடையாது. கையில காகிதம் இருந்துச்சு. என் ஞாபகம் பிசகாதுன்னு அவனுக்குத் தெரியும், அதனாலதான் பொய்யைக் கொண்டு வந்து அதுக்குள்ள வெச்சான். மூணு தடவை. ஜூன் பத்தொம்பது, ஜூலை பதினேழு, ஆகஸ்ட் பதினாலு. என் கண் மூடுற வரைக்கும் சோறு போடுவேன். அதுக்கு மேல கிடையாது.

என் வயித்துல பிறந்த மூத்தவன். அறிவுச்செல்வன்.